காகிதப்பூவின் கடற்பயணம்

ஒரே செடிக்கு நர்சரிப் பலகைகளில் எத்தனை எழுத்து! போகன்வில்லா, போகன்வில்லியா, பூகேன்வில்லா. வெயிலில் மதிலேறிக் கொழிக்கும் இந்த முட்செடியின் பெயரை எப்படி எழுதுவது என்ற தடுமாற்றம் தமிழில் மட்டும் வந்ததல்ல. தாவரவியல் நூலில் முதன்முதலாக அச்சேறியபோதே அந்தப் பெயர் பிழையோடுதான் வந்தது.

செடியின் தாயகம் தென் அமெரிக்கா. 1767-இன் நடுவில் இரண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் நின்றன. உலகைச் சுற்றிவர பிரெஞ்சு அரசு அனுப்பிய முதல் கடற்படைப் பயணம் அது. தலைவர் லூயி அந்துவான் த பூகன்வில். உடன் வந்த தாவரவியலாளர் பிலிபேர் கொமெர்சோன், ரியோவில் கிடைத்த இந்தச் செடிக்குத் தலைவரின் பெயரையே சூட்டினார்.

கொமெர்சோனின் உதவியாளராக ஓர் இளைஞர் வந்திருந்தார். உண்மையில் அவர் ழன் பாரே என்ற பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் பயணம் செய்யத் தடை இருந்ததால் ஆண் உடையில் ஏறியிருந்தார். மகெல்லன் நீரிணையின் பனிமலைகளில் உணவையும் துப்பாக்கியையும் செடிக் கட்டுகளையும் சுமந்து அவர் நடந்த துணிவை, 1771-இல் வெளிவந்த தன் பயண நூலில் பூகன்வில்லே பாராட்டியிருக்கிறார். கொமெர்சோனுக்குக் கால் நோய் இருந்தது. அதனால் ரியோவில் இந்தச் செடியைத் தேடிப் பறித்தவர் பாரேயாகவே இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. இருவரும் மொரீஷியஸில் இறங்கிக்கொண்டார்கள். 1773-இல் கொமெர்சோன் அங்கேயே இறந்தார். அதன்பின் பிரான்சு திரும்பிய பாரே, உலகைச் சுற்றிவந்ததாக அறியப்படும் முதல் பெண் ஆனார்.

கொமெர்சோன் சேர்த்த உலர்செடிகள் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. 1789-இல் தாவரவியலாளர் அந்துவான் லோரான் த ழுசியு தன் பெருநூலில் இந்த இனத்தை முறைப்படி வெளியிட்டார். அங்கேதான் எழுத்து பிசகியது. 'பூ' என்பதிலுள்ள 'ஊ' ஒலியை பிரெஞ்சில் எழுத 'ஓ', 'யு' என்ற இரண்டு எழுத்துகள் வேண்டும். ழுசியுவின் அச்சில் 'ஓ' இல்லை, நடுவிலிருந்த 'ஏ' இல்லை. கடைசிப் பகுதியிலோ வேண்டாத ஒரு 'ஏ' சேர்ந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகத் திருத்தினார்கள். 1930-களில் லண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் பெயர்ப் பட்டியல் ஏற்றுக்கொண்ட பிறகே இன்றைய எழுத்து நிலைபெற்றது. இடையில் ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஓடிவிட்டன.

சிற்றினப் பெயர்களில் இந்தக் குழப்பம் இல்லை. 1799-இல் தாவரவியலாளர் வில்டெனோ வைத்த 'ஸ்பெக்டாபிலிஸ்' என்பதற்குக் கண்ணைக் கவர்வது என்று பொருள். 1849-இல் தாவரவியலாளர் சுவாசி வைத்த 'கிளாப்ரா' என்பதற்கு மயிரற்றது, வழவழப்பானது என்று பொருள். 1910-இல் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் திருமதி பட் என்பவர் கண்டெடுத்த கருஞ்சிவப்புக் கலப்பினம் டிரினிடாட் வழியாக உலகெங்கும் பரவியது. 1944-இல் அதற்கு 'பட்டியானா' என்று பெயரிட்டார்கள். இன்று உலகில் எங்கே புதிய தோட்ட வகை உருவானாலும் அதன் பெயரைப் பதிவு செய்யும் பன்னாட்டுப் பொறுப்பு புதுடெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது.

இத்தனை பேரும் பெயர் வைத்துக்கொண்டிருக்க, நம் மக்கள் செடியையே பார்த்துப் பெயர் வைத்தார்கள்: காகிதப்பூ. மலாய் மொழியிலும் இது 'புங்கா கெர்தாஸ்', அதாவது காகிதப்பூதான். நாம் இதழ் என்று நினைக்கும் வண்ணப் பகுதி இதழே அல்ல. பூவடிச்செதில், நிறம் மாறிய இலை. மூன்று செதில்களுக்கு நடுவே குழல்போல் நிற்கும் சிறிய வெண்பூக்களே உண்மையான பூக்கள். மெல்லிய செதில் உலர்ந்த பிறகும் நிறம் மங்காமல் காகிதம்போலவே சலசலக்கும். நம் கொல்லைப்புறத்து அந்திமந்தாரையும் வயல்வரப்பு மூக்கரட்டையும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

கப்பல் தலைவரின் பெயரை ஒரு செடியும், பசிபிக் கடலில் ஒரு பெரிய தீவும் தாங்கி நிற்கின்றன. சுமந்து நடந்த பாரேயின் பெயரில் ஓர் இனத்தை அமைக்க கொமெர்சோன் எண்ணியிருந்தும் அது நிலைக்கவில்லை. 2012-இல்தான் தென் அமெரிக்கக் கத்தரி இனச் செடி ஒன்றுக்கு 'சொலானம் பாரெட்டியே' என்று பெயரிட்டுத் தாவரவியல் அந்தக் கடனில் கொஞ்சம் தீர்த்தது.

அறிவியல் பெயரை மாற்ற வேண்டியதில்லை. உலகம் முழுவதும் ஒரே செடியை அடையாளம் காண அது தேவை. ஆனால் நம் பள்ளித் தோட்டங்களிலும் நர்சரிகளிலும் பலகையின் முதல் வரியில் 'காகிதப்பூ' என்று எழுதுங்கள். கீழே அறிவியல் பெயர் வரட்டும். பிள்ளைகள் கேட்டால் பூகன்வில்லோடு சேர்த்து ழன் பாரேயின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.