நம் புத்தகத்தை நாமே போட்ட கதை

 

"சேர், ஒன்லைன்ல புத்தகம் போட்டா படுத்துக்கிட்டே சம்பாதிக்கலாமாமே?" போன வாரம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். அவனுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

தன் புத்தகத்தைத் தானே போடுவது மலையகத்துக்குப் புதிதல்ல. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் அவருடைய 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்ததும் முஸ்லிம் நேசன் அச்சகத்திலிருந்துதான்.

அடுத்து கோ. நடேசய்யர். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரியாக உள்ளே போனார். கண்டதை எழுதினார், பத்திரிகை நடத்தினார். மனைவி மீனாட்சி அம்மை தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். 1940இல் அவர் பாடல்கள் சிறு நூலாகவும் வந்தன.

இவர்கள் யாரும் படுத்துக்கொண்டு சம்பாதிக்கவில்லை. அன்று ஒரு பிரதி விற்கும் முன்பே தாளுக்கும் அச்சுக்கும் காசு வேண்டும். அந்தச் சுமையைத்தான் இணையம் இறக்கி வைத்திருக்கிறது. அமேசான் 2007இல் கிண்டிலைக் கொண்டுவந்தது. 2016 இறுதியில் அதில் தமிழும் சேர்ந்தது. எழுதியதை ஏற்றக் கட்டணம் இல்லை. ஒருமுறை ஏற்றினால் வருடக்கணக்கில் விற்பனையில் இருக்கும். உரிமையும் எழுதியவருக்கே.

ஆனால் கணக்கையும் பாருங்கள். ஒரு டொலர் விலை வைத்தால் எழுதியவருக்கு 35 சதம். நூறு பேர் வாங்கினால் 35 டொலர். 70 வீதம் வேண்டுமென்றால் விலை 2.99 டொலருக்குக் குறையக்கூடாது. வேறு நிபந்தனைகளும் உண்டு. தமிழில் அந்த விலைக்கு வாங்கும் நூறு பேரைத் தேடுவதே பெரிய வேலை. ஆகவே "மாதம் இலட்சம்" என்று வகுப்பு நடத்திக் காசு கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

"அப்போ எதுக்கு சேர் எழுதணும்?" என்றான்.

2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தயில் மண்சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. மனிதர்களோடு எத்தனை தாலாட்டு, எத்தனை ஒப்பாரி, எத்தனை குடும்பக் கதை அந்த மண்ணுக்குள் போயின? அவற்றில் எழுதி வைத்தது எத்தனை?

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். கையில் இருக்கும் போனே போதும். காசு வந்தால் அல்ஹம்துலில்லாஹ். வராவிட்டாலும் பேரப்பிள்ளைக்கு ஒரு புத்தகம் மிஞ்சும்.

நேற்று அந்தப் பையன் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். அவனுடைய அப்பாயி கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டாம்.