மண்மேற் படிந்த மகரந்தமும் காட்டின் வரலாறும்

ஒரு நாட்டின் பழைய வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாணயத்தையும் தேடுவர். மன்னர் செய்த போரும் கொடுத்த கொடையும் அவற்றிலே காணப்படும். ஆயின், அந்நாட்டில் எந்த மரங்கள் நின்றன, எங்கே புல் படர்ந்திருந்தது, எப்போது காடு கழனியாயிற்று என்னும் வினாக்களுக்கு அவை விடை கூறுதல் அரிது. அவ்விடையைத் தரும் ஆவணம் பிறிதொன்று உண்டு. அது பூக்கள் சொரியும் மகரந்தத் துகளாகும்.

மகரந்தத் துகளின் அளவு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் சில பங்கேயாகும். எனினும் அதன் புறத்தோல் மிக வலியது. காற்றுப் புகாத ஈரச் சேற்றிற் புதையுண்டால் பல்லாயிரம் ஆண்டுகள் அழியாது கிடக்கும். அத்தோலின்மீது அமைந்த துளைகளும் முட்களும் வரிகளும் இனத்துக்கு இனம் வேறுபடுதலால், நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, இது புல், இது பைன், இது ஓக் எனப் பிரித்தறியலாம்.

இந்த உண்மையை வரலாற்றுக் கருவியாக்கிய பெருமை சுவீடன் நாட்டவரான லெனார்ட் வான் போஸ்ட் என்பவரையே பெரிதும் சாரும். 1916ஆம் ஆண்டில், இன்று ஒஸ்லோ எனப்படும் கிறித்தியானியா நகரில், ஸ்கந்தினேவிய அறிஞர் கூடிய மாநாட்டில் அவர் ஒரு விரிவுரை ஆற்றினார். தென் சுவீடனின் சதுப்புநிலங்களில் அடுக்கடுக்காகப் படிந்த மகரந்தத்தை எண்ணி, ஒவ்வோர் அடுக்கிலும் எந்த மரம் நூற்றுக்கு எத்தனை என வரைபடமாக்கிக் காட்டினார். பனியுகத்துக்குப்பின் வடபுலக் காடுகள் மாறிவந்த வரலாறு அவ்வரைபடத்திலே தோன்றிற்று.

ஆயினும், இங்கே ஓர் ஐயம் எழுந்தது. சேற்றில் நூற்றுக்கு அறுபது பைன் மகரந்தம் கிடைப்பின், காட்டில் நின்ற மரங்களுள்ளும் நூற்றுக்கு அறுபது பைன் என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. பைன் மரம் காற்றை நம்பி மகரந்தத்தை வாரி இறைக்கும். அதன் துகளுக்குக் காற்றுப்பை இரண்டு உண்டு. ஆதலின் அது நெடுந்தூரம் செல்லும். லைம், மேப்பிள் முதலிய மரங்களோ பெரிதும் பூச்சிகளை நம்பிப் பூப்பன. அவற்றின் மகரந்தம் சிறிதே, அதுவும் மரத்தடியிலேயே விழும். ஒருவன் உரக்கப் பேசுகின்றான், மற்றொருவன் மெல்லப் பேசுகின்றான் என்பதனால், சபையில் முன்னவனே மிகுதி என்று எண்ணுதல் தகுமோ?

இவ்வையத்தைத் தீர்க்கும் வழி இன்றைய நிலத்திலேயே இருந்தது. கண்முன் நிற்கும் காட்டின் மரங்களை முதலில் எண்ணுக. அதே இடத்தில் மண்ணின் மேற்பரப்பிலும் பாசி மெத்தையிலும் அண்மையிற் படிந்த மகரந்தத்தையும் எண்ணுக. பின் இரண்டையும் ஒப்பிடுக. அமெரிக்க அறிஞர் மார்கரட் டேவிஸ் 1963ஆம் ஆண்டில், மகரந்தத்தின் பங்குக்கும் தாவரத்தின் பங்குக்கும் உள்ள விகிதத்தை முறையாக ஆராய்ந்து எழுதினார். 1970ஆம் ஆண்டில் டென்மார்க் அறிஞர் ஆண்டர்சன், அந்நாட்டுக் காடுகளில் எடுத்த மேற்பரப்பு மாதிரிகளைக் கொண்டு திருத்த எண்களை வகுத்தார். பைன், பேர்ச், ஓக், ஆல்டர் ஆகியவற்றின் மகரந்த எண்ணிக்கையை நான்கால் வகுத்தல் வேண்டும். பீச் மரத்தின் எண்ணிக்கையை அவ்வாறே விடலாம். லைம், மேப்பிள் ஆகியவற்றின் எண்ணிக்கையை இரண்டாற் பெருக்குதல் வேண்டும். வடபுலக் காட்டின் பழங்கதை இத்திருத்தத்தினால் வேறு உருவம் பெற்றது. அருமையாக இருந்தது என்று கருதப்பட்ட லைம், உண்மையிற் பெருமரமாக நின்றமை தெளிவாயிற்று.

இதன் பொருளை யாழ்ப்பாணத்து நிலத்தில் வைத்து நோக்கின் எளிதில் விளங்கும். பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் பெண்கள் கல்லூரி நிறுவிய மருதனார்மடத்தைச் சூழ்ந்திருப்பவை செம்மண் தோட்டங்கள். புகையிலை, வெங்காயம், வாழை என்பன அங்கே நெடுங்காலம் பயிரிடப்பட்டவை. புகையிலை தடித்த இலை தருதற்பொருட்டுக் கமக்காரர் அதன் பூமுனையை முறித்துவிடுவர். வெங்காயம் பூக்குமுன்னரே கிளறப்படும். வாழையோ விதையின்றிப் பக்கக்கன்றினால் வளர்வது. அதன் மகரந்தமும் அற்பம். ஆகவே, உழவனுக்குச் செல்வமளித்த பயிர்கள் மண்ணின் மேற்பரப்பில் தம் கையொப்பத்தை இடுவதேயில்லை எனலாம். வரம்பிலே நிற்கும் புல்லும் வேலியோரத்துச் சவுக்கும் காற்றில் மகரந்தம் தூவித் தம் பெயரைப் பலமுறை எழுதிவிடும். போதாக்குறைக்கு, வெளியிடங்களிலிருந்து குழை கொணர்ந்து தோட்டத்திற் தாழ்க்கும் வழக்கத்தால், அங்கே முளைக்காத செடியின் மகரந்தமும் வந்து சேரும். இம்மண்ணை மட்டும் எண்ணிப் பார்ப்பவன், இது புல்வெளி என்றே தீர்ப்புக் கூறுவான்.

குடாநாட்டுக்கு மற்றோர் இடரும் உண்டு. சுண்ணாம்புக்கல்லின் மேலமைந்த காற்றோட்டமுள்ள செம்மண் மகரந்தத்தைக் காக்கும் இயல்பினதன்று. கோடையில் வற்றி வெடிக்கும் குளத்துச் சேற்றிலும் அது சிதைந்துபோம். ஆதலின் இலங்கையின் நீண்ட மகரந்த ஏடு மலைநாட்டிலேயே கிடைத்தது. கடல்மட்டத்துக்கு 2,000 மீற்றருக்கு மேலுள்ள ஹோட்டன் சமவெளியின் சதுப்பிலிருந்து எடுத்த படிவை ஆராய்ந்து, பிரேமதிலகவும் ரிஸ்பெர்க்கும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, ஏறத்தாழ 24,000 ஆண்டுகளின் தாவர வரலாற்றைக் கூறுகின்றது.

மேற்பரப்பு மகரந்தத்தை அறியாவிடின் நேரும் இழப்பு என்ன என்பதை நீலகிரி காட்டும். அங்கே பள்ளங்களிற் சோலைக்காடும் மேடுகளிற் புல்வெளியும் அடுத்தடுத்து உள்ளன. 1938ஆம் ஆண்டில் வன அறிஞர் இருவர் இதுபற்றி மாறுபட்டனர். மனிதன் இட்ட தீயினாற் காடு அழிந்து புல்வெளி வந்தது என்றார் போர் என்பவர். உறைபனியும் காலநிலையும் அமைத்த இயற்கைப் புல்வெளியே அது என்றார் சி. ஆர். ரங்கநாதன். இது ஏட்டளவான வாதமன்று. புல்வெளி பாழ்நிலம் என்று எண்ணப்பட்டமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாக அங்கே யூக்கலிப்டசும் சீகை மரமும் நடப்பட்டு, பழைய புல்வெளி பெருமளவு மறைந்தது.

சதுப்பிலே புல்லின் மகரந்தம் மிகுதியாகக் கிடைத்தது. எனினும் அதனை மட்டுங் கொண்டு வழக்கைத் தீர்க்க இயலவில்லை. புல் காற்றை நம்பியது. சோலையிற் பெருகியுள்ள இலவங்கக் குடும்ப மரங்களின் மகரந்தமோ மெல்லிய தோலினதாய் மண்ணில் நில்லாது அழிவது. ஆகவே இன்றைய காடு இன்றைய மண்ணில் எவ்வாறு பதிகின்றது என்பதை அறிதல் இன்றியமையாததாயிற்று. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ரேமண்ட் பொன்ஃபீயும் அனுபமா முதலிய அறிஞரும், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வெவ்வேறு உயரங்களில் எடுத்த மேற்பரப்பு மாதிரிகளை ஒப்பிட்டு 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதற்குமுன், 1993ஆம் ஆண்டில், சுகுமாரும் துணைவரும் நீலகிரிச் சதுப்பின் கரிமத்தை ஆராய்ந்து, 20,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்த வறண்ட காலத்திலேயே அங்குப் புல் ஓங்கியிருந்தது எனக் காட்டியிருந்தனர். உழவு தோன்றுமுன்னரே அங்குப் புல்வெளி இருந்தமை இதனாற் புலனாகின்றது. பாழ் என இகழப்பட்டது பழம்பெருஞ் செல்வமாயிற்று.

பழைய சேற்றைத் தோண்டுமுன், காலடியிலுள்ள மண்ணின் ஒரு சிமிழ் அளவை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் முறை. மண்ணிற் காணப்படாதது நாட்டில் இருந்ததில்லை என்று முடிவு கட்டுதல் தகாது. மருதனார்மடத்துப் புகையிலையைப்போல, பூக்கவிடாமல் வளர்க்கப்பட்ட வாழ்வுகளும் வரலாற்றில் உண்டு.