கஸ்தூரியின் பிடிவாதம்

பேரிக்காய், பீச், ராஸ்பெர்ரி என்று பழக்கூடையையே படம் போட்ட செண்ட் பாட்டிலை வாங்கும்போது, கொடுக்கிற காசு பழத்துக்குத்தான் என்று தோன்றும். ஆனால் முன்வரிசைப் பழங்கள் சில மணி நேரத்துக்குள் கிளம்பிவிடும். சாயங்காலம் வரை மேலே ஒட்டியிருப்பது பட்டியலின் கடைசியில் இருக்கும் மஸ்க். நம் நாட்டு மருந்துக் கடைகள் நெடுங்காலமாகக் கஸ்தூரி என்று அறிந்த சரக்கின் வாரிசு.

கஸ்தூரியின் பூர்வீகம் இமயமலை, திபெத், சைபீரியா. அதைத் தருவது கொம்பில்லாமல் கோரைப்பல் நீண்ட சிறு மான். ஆணுக்கு மட்டும் தொப்புளுக்குக் கீழே ஒரு பை. அதில் தேறுவது சுமார் 25 கிராம். அப்படியே முகர்ந்தால் தொழுவத்து நெடி. சாராயத்தில் ஊறி நீர்த்துப்போன பிறகுதான் இனிக்கத் தொடங்கும். வாசனை செய்பவர்கள் அதைத் தேடியது மணத்துக்காக மட்டுமில்லை. ரோஜாவையும் மல்லிகையையும் சீக்கிரம் ஓடிவிடாமல் பிடித்துவைக்க அதற்கு இணையில்லை. அந்தப் பிடிப்புக்காகக் காடுகளில் கண்ணி வைத்தார்கள். கண்ணிக்கு ஆண் எது, குட்டி எது என்று தெரியாது. பையே இல்லாதவையும் செத்தன. இமயப் பகுதி மான்களின் கஸ்தூரியை நாடுவிட்டு நாடு விற்பதற்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி இன்று தடை இருக்கிறது.

மானுக்கு மாற்று கிடைத்தது வெடிமருந்திலிருந்து. 1888இல் ஆல்பர்ட் பவுர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் டி.என்.டி.யைவிட நல்ல வெடிபொருள் செய்யப் பார்த்தார். கையில் வந்த நைட்ரோ சேர்மம் வெடிக்கு ஆகவில்லை, கஸ்தூரியாக மணந்தது. மானின் சரக்கோடு அதற்கு வேதியியல் உறவு எதுவும் கிடையாது. மலிவு என்பதால் அந்த நைட்ரோ வம்சம் பரவி, 1921இல் வந்த ஷனெல் நம்பர் 5 செண்ட் வரை போய்ச் சேர்ந்தது.

அசலின் உருவத்தை 1926இல் வேதியியலாளர் லியோபோல்ட் ருசிச்கா கண்டுபிடித்தார். மணத்துக்குக் காரணமான மஸ்கோன், 15 கார்பன்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். அவ்வளவு பெரிய வளையம் நிலைக்காது என்பதுதான் அன்றைய வேதியியலாளர்களின் நம்பிக்கை. பாடப்புத்தகம் படிக்காத மான் அதைத் தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. ருசிச்காவுக்கு 1939இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிய வளையங்கள் பற்றிய ஆய்வும் அதற்கு ஒரு காரணம்.

மஸ்கோனின் உருவம் தெரிந்த அடுத்த ஆண்டே, 1927இல், மாக்ஸ் கெர்ஷ்பாம் என்ற வேதியியலாளர் ஒரு விதைக்குள்ளும் அப்படியொரு வளையத்தைக் கண்டார். நம் மண்ணிலும் முளைக்கிற கஸ்தூரி வெண்டையின் விதை அது. அதன் எண்ணெயை முகர்ந்தால் கஸ்தூரியோடு பேரிக்காயும் லேசாக ஒயினும் தெரியும். பழத்தையும் கஸ்தூரியையும் சேர்த்துவைத்தது விளம்பரக்காரர்கள் இல்லை, ஒரு வெண்டைச்செடி! பின்னாளில் சுவிஸ் நிறுவனமான ஃபிர்மெனிச் உருவாக்கிய ஹெல்வெட்டோலைடு என்ற செயற்கை மஸ்க்கும் இதே பேரிக்காய்ச் சாயல் கொண்டதுதான்.

1960களில் அமெரிக்க நிறுவனம் ஒன்று கொண்டுவந்த கேலக்சோலைடு என்ற செயற்கை மஸ்க், வாசனைக் கடையைத் தாண்டிச் சலவைத்தூளுக்குள் புகுந்தது. சோப்பின் காரத்தைத் தாங்கும், தண்ணீரில் கரையாது, துணியை விடாது. வெளுத்த துணியில் தினமும் முகர்ந்து முகர்ந்து, மிருக வாடையாகத் தொடங்கியதைச் சுத்தத்தின் மணமாக மூக்கு ஏற்றுக்கொண்டது. துணியை விடாதது ஆற்றையும் விடவில்லை. மீனின் கொழுப்பில் கண்டார்கள், தாய்ப்பாலிலும் கண்டார்கள். நைட்ரோ வம்சத்தில் மஸ்க் அம்பரெட், மஸ்க் சைலீன் இரண்டும் ஐரோப்பாவில் தடைக்கு உள்ளாயின.

இனி பூசிப் பார்ப்போம். முதலில் ஆல்கஹால் பறக்கும். அதோடு பேரிக்காய், ஆப்பிள் மணம் தரும் எஸ்டர்களும். சிறிய மூலக்கூறுகள், வெயிலில் இன்னும் வேகமாகப் போகும். பீச் கொஞ்சம் கனமானது, சில மணி நேரம் நிற்கும். அந்த மணத்தைத் தருவது லாக்டோன் என்ற வகைச் சேர்மம் ஒன்று. 1919இல் கெர்லேன் நிறுவனம் தன் மிட்சுகோ செண்ட்டில் சேர்த்து அதைப் புகழ்பெறச் செய்தது. பீச்சும் மங்கிய பிறகு, தோலோடு தோலாக ஒரு வெதுவெதுப்பான இனிப்பு மிஞ்சும். செண்ட்டின் உண்மையான முகம் அதுதான். கடையில் காகிதப் பட்டையை ஆட்டி முகர்ந்து உடனே பணம் கட்டுகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. கையில் தெளித்துக்கொண்டு வெளியே போய்ச் சுற்றிவிட்டு, நான்கு மணி நேரம் கழித்து முகர்ந்து பார்த்து வாங்குவதே என் கட்சி.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கஸ்தூரி மூலக்கூறுகள் மூக்கு உணரக்கூடிய எடையின் மேல் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவை. ஒருவருக்குத் தெளிவாகத் தெரியும் மஸ்க் இன்னொருவருக்குச் சுத்தமாகத் தெரியாமல் போகலாம். அதனால்தான் ஒரே பாட்டிலில் மூன்று நான்கு மஸ்க்குகளைக் கலக்கிறார்கள். தெரிகிறவருக்கும் சற்று நேரத்தில் மூக்கு பழகிவிடும். 'போயிடுச்சு' என்று மதியம் மறுபடி தெளித்துக்கொள்வார். லிஃப்டில் கூட வருகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பருத்திச் சட்டையில் பட்டால் மறுநாளும் இருக்கும். துவைத்தால் போகும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் துவைக்கிற தூளிலும் இருப்பது இதே வம்சம்.