சர்பாக்டன்ட் சிகிச்சை: இதய அறுவைக்குப் பின் மூச்சுத் திணறும் கைக்குழந்தைகளுக்கு

சர்பாக்டன்ட் என்பது கொழுப்பும் புரதமும் கலந்த மெல்லிய படலம். மூச்சை வெளிவிடும்போது நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது இதுவே. கருவில் சுமார் 24ஆம் வாரத்தில் சுரக்கத் தொடங்கினாலும், 35ஆம் வாரத்தையொட்டித்தான் போதிய அளவை எட்டும். மாடு, பன்றி ஆகியவற்றின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்பாக்டன்ட்டை மூச்சுக்குழாய் வழியே செலுத்துவதே இச்சிகிச்சை. குறைமாதக் குழந்தைகளுக்காக உருவான இது, இதய அறுவைக்குப் பின் மூச்சுத் திணறும் குழந்தைகள் சிலருக்கும் தரப்படுகிறது.

நுரையீரலை உப்புநீரால் விரிப்பதைவிடக் காற்றால் விரிக்க அதிக அழுத்தம் தேவை என்று 1929இல் ஆய்வாளர் ஃபான் நீர்கார்ட் காட்டினார். பரப்பு இழுவிசையே காரணம் என்றார். கால் நூற்றாண்டு அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1955இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பேட்டில், நுரையீரலிலிருந்து வந்த குமிழிகள் உடையாமல் நிற்பதைக் கவனித்தார். 1957இல் ஜான் கிளமென்ட்ஸ் அந்த இழுவிசையை அளந்தார். ஆனால் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறல் நோய்க்குக் காரணத்தைக் கண்டவர் மேரி எல்லன் ஏவரிதான். மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் சர்பாக்டன்ட் போதிய அளவு இல்லை என்பதை 1959இல் ஜெரி மீடுடன் சேர்ந்து நிறுவினார். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் இதே நோயால் பிறந்த 39 மணி நேரத்தில் இறந்தான். அதிபரின் பிள்ளைக்கும் கொடுக்க அன்று மருந்து இல்லை. 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா 10 குழந்தைகளுக்கு மாட்டு நுரையீரல் சர்பாக்டன்ட் கொடுத்துப் பலன் கண்டார்.

இதய அறுவையில் கதை வேறு. நிறைமாதக் குழந்தைக்குச் சர்பாக்டன்ட் இருக்கும், ஆனால் கெட்டுப்போகும். இதய-நுரையீரல் எந்திரத்தின் குழாய்களில் ரத்தம் ஓடும்போது உடலெங்கும் அழற்சி கிளம்புகிறது. ரத்தநாளங்களிலிருந்து கசியும் புரதம் சிற்றறைகளில் தேங்கி, படலத்தைச் செயலிழக்கச் செய்கிறது. மூச்சுத் திணறலுக்கு அறுவையில் மீந்துபோன இதயக் குறையோ, செயலிழந்த உதரவிதானமோ காரணமாக இருந்தால் சர்பாக்டன்ட் உதவாது. எனவே முதலில் இதய எக்கோ எடுத்துப் பார்ப்பதே முறை.

மருந்துக் குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கும். செவிலியர் அதை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றுவார், குலுக்கினால் நுரைத்துவிடும். பால்போன்ற திரவம் உள்ளே இறங்கும்போது ஆக்சிஜன் அளவு சற்றுச் சரியலாம், இதயத் துடிப்பு குறையலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு வழக்கமான அளவு, மருந்தைப் பொறுத்து, கிலோவுக்கு 100 முதல் 200 மில்லிகிராம். அறுவைக்குப் பிந்தைய குழந்தைகளிடம் நடந்த சிறு ஆய்வுகளில் ஆக்சிஜன் நிலை மேம்பட்டது. ஆயினும் எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய வழக்கமான சிகிச்சையாக இது ஆகவில்லை.

2019இல் தனி மாவட்டமான தென்காசியிலும் குற்றாலத்திலும் பிறக்கும் குழந்தைக்கு இத்தகைய இதய அறுவை என்றால் பெரும்பாலும் பயணம்தான். கிழக்கே திருநெல்வேலி, வடகிழக்கே மதுரை. மேற்கே ஆரியங்காவு கணவாய் தாண்டிச் சுமார் 100 கிலோமீட்டரில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உள்ள திருவனந்தபுரம். ஆகவே இதய நோயை முன்கூட்டி அறிவதே இங்கு முதல் சிகிச்சை. பால் குடிக்கையில் குழந்தைக்கு நெற்றி வியர்த்தால், நிறுத்தி நிறுத்திக் குடித்தால், உதடு நீலம் பாரித்தால், சாரல் காலச் சளி என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.