கோடு போட்ட கை

2006 சட்டமன்றத் தேர்தல் வரை ராஜபாளையம் தனித்தொகுதி, பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பொதுத்தொகுதி. 2011இல் அப்படியே தலைகீழாப் போச்சு. மாத்துனது யாருன்னு எங்க தெருவில் கேட்டால், ‘கவர்மெண்டு’ என்பார்கள்.

மாற்றியது நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம். 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் கோடு போட்டது. முடிவெடுக்கும் உறுப்பினர்கள் மூன்றே பேர். மாநிலத்துக்குப் பத்து எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் கூட உட்காரலாம். ஓட்டுப் போட முடியாது. பொதுசனம் ஆட்சேபணை மனு கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆணை வெளியானபின் கோர்ட்டில் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது 2002ஆம் ஆண்டுச் சட்டம்.

குடிமக்களே கோடு போட முடியாதா? முடியும். 2008இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து, சட்டமன்றத் தொகுதிகளை வரையும் வேலையை 14 குடிமக்கள் கொண்ட குழுவிடம் கொடுத்தார்கள்.

தலித்துகள் விகிதம் கூடுதலாக உள்ள இடத்தில் தனித்தொகுதி அமைய வேண்டும் என்பது சட்டம். நியாயம்தான். ஆனால் 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பின், தனித்தொகுதியிலும் எல்லாச் சாதியும் சேர்ந்துதான் ஓட்டுப் போடுகிறது. எந்தத் தெரு உள்ளே, எந்தத் தெரு வெளியே என்பதில்தான் நம் ஓட்டின் பலம் இருக்கிறது.

கோடு மட்டும் போதாது என்பதற்கும் நம் விருதுநகர் மாவட்டமே சாட்சி. 1996இல் கொட்டகச்சியேந்தல் தனி ஊராட்சியானது. 2006 வரை ஒரு தலித் தலைவரை நிம்மதியாக உட்கார விடவில்லை.

அடுத்த வரையறை வரும்போது வெறுங்கையோடு நிற்கக் கூடாது தோழர்களே. வார்டு வாரியாக நம் தலைக்கணக்கை இப்பவே எடுத்து வைப்போம். மனு கேட்கும் நாளில் வரைபடத்தையும் நாமே நீட்டுவோம்.