நெவின்ஸ் என்ற பெயர் வந்த வழி

மண்டைதீவிலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து பட்டினத்துக்குப் படிக்கப்போன எம் சகோதரர்கள் பலருக்கு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி புதிதன்று. அதன் ஆரம்ப வரலாற்றைப் புரட்டினால் முதலில் எதிர்ப்படுவது ‘நெவின்ஸ்’ என்ற பெயர். சைவப் பிள்ளைகளுக்கென எழுந்த கல்லூரியில் இந்த ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு என்ன வேலை?

பெயரின் வேர் அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் உள்ளது. கெயிலிக் மொழியில் புனிதரைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘நெவின்’ பிறந்தது என்பர். எலும்பைக் குறிக்கும் சொல்லே மூலம் என்பாரும் உளர். ஈற்றிலுள்ள ‘ஸ்’ இன்னாருடைய மகன் என்று காட்ட ஆங்கிலேயர் ஒட்டுவது. கடல் கடந்து குடியேறியவர்களோடு இப்பெயர் அமெரிக்கா போயிற்று.

அங்கிருந்து அதை இங்கே கொண்டுவந்தது அமெரிக்க மிஷன். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையும் தொடங்கின. ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கர் தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடுவிக்கலாம். இவ்வாறே சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். சிதம்பரப்பிள்ளை வில்லியம் நெவின்ஸ் ஆனார். பிள்ளைகளின் விருப்பத்தை யார் கேட்டார்கள்! ஆயினும் ‘நியாய இலக்கணம்’ எழுதிய சிதம்பரப்பிள்ளை அப்பெயரைத் தமிழுக்கு உரியதாக்கிவிட்டார். 1887இல் அவர் பட்டினத்தில் தொடங்கிய பாடசாலையே பின்னர் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அவர் மகன் அங்கே அதிபரானபோது, தந்தை பெயரை முன்வைக்கும் எம் வழக்கப்படி நெவின்ஸ் செல்வதுரை என அழைக்கப்பட்டார். ஆங்கிலேயருக்குப் பின்னால் நிற்கும் பெயர் எமக்கு முன்னால் வந்து நின்றது.

உடுவிலில் படித்த சிறுமிகளுக்கும் அமெரிக்கப் பெயர்கள் இடப்பட்டன. ஆனால் எம் வழக்கில் தாயின் பெயர் பிள்ளைக்கு முன்னெழுத்தாவதில்லை. ஆகவே ஆண்கள் பெற்ற பெயர் தலைமுறை தாண்டியது. பெண்கள் பெற்றது அவர்களோடே நின்றுவிட்டது.

இது பழங்கதை மட்டுமன்று. பாடசாலைப் பதிவேட்டில் நாம் தந்தையின் முதலெழுத்தோடு இருக்கிறோம். மணமானபின் கணவரின் எழுத்து. 1990இல் தீவை விட்டுச் சிதறியவர்களைத் தேடும்போது இந்த ஓர் எழுத்து மாற்றமே பெருந்தடையாகிறது. ஆகையால் சங்கத்துக்கு விபரம் அனுப்பும் சகோதரிகள் இரண்டு முன்னெழுத்துகளையும், முடிந்தால் தாயாரின் பெயரையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.