படச்சுருளும் பழஞ்சுவடியும்

ஏட்டுச்சுவடிகளைக் கறையான் அரித்த கதையை நாம் அறிவோம். ஊரூராய் அலைந்து அவற்றைத் தேடி அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரையும் அறிவோம். பழந்தமிழ் இசையைப் பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்த விபுலானந்த அடிகளார் நம் காரைதீவின் மைந்தர். ஏட்டைப்போலவே படச்சுருளும் அழியுந் தன்மையது. அதனைத் தேடிக் காத்தோரும் உளர்.

முற்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கவும் பல படங்களை அழித்தனர். டென்மார்க்கு நாட்டினராகிய டிறையர் என்பார், யோன் ஒவ் ஆர்க் என்னும் கன்னியின் விசாரணையைப் பிரான்சில் மௌனப்படமாக்கினார். படம் வெளிவந்த 1928ஆம் ஆண்டிலேயே அதன் மூலச்சுருள் பேர்லினில் தீக்கிரையாயிற்று. அரை நூற்றாண்டு கழிந்து, 1981இல், நோர்வேயில் ஒரு மனநோய் மருத்துவமனை அலுமாரியில் அதன் பிரதி கிடைத்தது. எவரோ எறியாது வைத்தமையால் அன்றோ உலகம் அதனை மீண்டும் கண்டது!

பாரதத்தில் இப்பணிக்கென இந்திய தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல் பூனாவில் நிறுவப்பட்டது. கேரளத்தவரான பி. கே. நாயர் 1991 வரை அதற்காக உழைத்தார். 1913இல் பால்கே எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வின் எஞ்சிய பகுதிகளைத் தேடிச் சேர்த்தார். பிறநாட்டுக் காப்பகங்களிலிருந்தும் அரிய படங்களைப் பெற்றார். அவர் ஓய்வுபெற்றபோது அங்கே ஏறக்குறைய 12,000 படங்கள் இருந்தன. அவற்றுள் 8,000 இந்தியப் படங்கள்.

சேர்த்தவற்றை அவர் பூட்டி வைத்தாரல்லர். கருநாடகத்தில் பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்த ஹெக்கோடு என்னுஞ் சிற்றூரில் கே. வி. சுப்பண்ணா ‘நீநாசம்’ என்ற கலைக்கழகத்தை நடத்திவந்தார். மேனாட்டுப் படங்கள் அவ்வூருக்குச் சென்றன. 1948இல் இத்தாலியர் டி சிக்கா எடுத்த ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ படத்தில் ஓர் ஏழை, பிழைப்புக்குரிய சைக்கிளைப் பறிகொடுத்து மகனோடு தெருத்தெருவாய் அலைகிறான். அத்துயரை உணர உழவருக்கு இத்தாலிய மொழி வேண்டியதில்லை. சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கிடைத்தது.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் நம் கரையோர வீடுகளின் ஏடுகளும் புகைப்படங்களும் கடலோடு போயின. இழப்பு என்னவென்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆதலின் இளைஞரே, பெரியோரே! வீட்டில் எஞ்சிய பழைய ஒளிநாடாவையும் படத்தையும் எறியாதீர். பெயரும் ஆண்டும் குறித்துப் பிரதியெடுத்து வையுங்கள். திங்களுக்கொரு நல்ல மேனாட்டுப் படத்தை, முன்னுரை கூறித் திரையிடுவோம். சாய்ந்தமருது, நிந்தவூர் நண்பர்களும் நம்மோடு அமர்ந்து காணட்டும். சேர்ப்பது ஒருவர் பணியாகலாம். சேர்த்ததைச் சுவைப்பது ஊரின் பணி.